கொடைக்கானல் குளிரில் ஏன் விஸ்கி ஆலை இல்லை? பெங்களூரு வெயிலில் பிறந்த ‘அம்ருத்’ சிங்கிள் மால்ட்டின் கதை

காலை ஏழு மணிக்கு கொடைக்கானல் ஏரியைச் சுற்றி நடந்தால், எதிரே வருபவரின் முகம் பக்கத்தில் வரும்வரை தெரியாது. மஞ்சு அப்படி இறங்கியிருக்கும். அப்படி ஒரு காலையில், சென்னையில் ஐ.டி. வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், கையில் டீ கிளாஸை வைத்துக்கொண்டு கேட்டார்: “ஏன் மச்சான், இந்தக் குளிர், இந்த ஏரி, இந்தப் புல்வெளி... அப்படியே ஸ்காட்லாந்து மாதிரி இருக்கு. வெள்ளைக்காரன் இங்கே சர்ச் கட்டினான், ஸ்கூல் கட்டினான், போட் கிளப் ஆரம்பிச்சான். ஒரு விஸ்கி ஃபேக்டரி மட்டும் ஏன் கட்டலை?”

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால், பதில் தேடிப் போனால் அது அமெரிக்க மிஷனரிகள், மதுவிலக்கு, கரும்புப்பாகு, கிளாஸ்கோ நகரத்து ஓட்டல், உச்ச நீதிமன்றம் என்று எங்கெங்கோ சுற்றி, கடைசியில் மலைப்பூண்டில் வந்து நிற்கிறது.

முதலில் சுலபமான பதில். கொடைக்கானலை உருவாக்கியவர்கள் பட்டாளத்துக்காரர்கள் அல்ல. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள், மலேரியாவுக்குப் பயந்து 1845-ல் இங்கே முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களிடம் போய் சாராய ஆலையை எதிர்பார்க்க முடியாது. பிரிட்டிஷ் ராணுவம் போன மலைகளின் கதை வேறு. இமயமலை அடிவாரத்தில், இன்றைய ஹிமாச்சலப் பிரதேசத்தில் இருக்கும் கசௌலியில் 1855-ல் எட்வர்ட் டயர் என்பவர் மது ஆலை தொடங்கினார். சிம்லா பக்கத்து வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு பீரும் விஸ்கியும் அங்கிருந்துதான் போயின. அந்த ஆலை இன்றைக்கும் ஓடுகிறது. ‘ஓல்ட் மங்க்’ ரம் தயாரிக்கும் மோகன் மீக்கின் நிறுவனத்தின் கையில் இருக்கிறது. டயர் என்ற பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? ஜாலியன் வாலாபாக்கில் சுடச் சொன்ன ஜெனரல் டயர், இவருடைய மகன்தான்.

ஆக, ‘மலை மேலே குளிரில் விஸ்கி’ என்ற யோசனை வெள்ளைக்காரர்களுக்கு வந்திருக்கிறது. பழனி மலைக்கு மட்டும் அது வரவில்லை.

இரண்டாவது பதில்தான் முக்கியம். அது ஒரு வருடம்: 1948.

ஒரே வருடம், இரண்டு ஊர்

1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கிவைத்த மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ம் தேதி சென்னை மாகாணம் முழுக்க வந்தது. அன்றைக்குக் கொடைக்கானல் மதுரை மாவட்டத்தில் இருந்தது. கள்ளுக்கடையில் இருந்து சாராயக்கடை வரை எல்லாம் மூடல்.

அதே 1948-ல், மதுவிலக்கு எல்லைக்கு வெளியே, மைசூர் சமஸ்தானமாக இருந்த பகுதியில் உள்ள பெங்களூரில், ராதாகிருஷ்ண ஜக்தலே என்பவர் ஒரு மது ஆலையைத் தொடங்கினார். பெயர்: அம்ருத் டிஸ்டில்லரீஸ். அம்ருத் என்றால் வேறென்ன, அமிர்தம்தான்.

மதுவிலக்கு வந்த பக்கம் ஆலைகள் இல்லை. வராத பக்கம் தொழில் வளர்ந்தது. நம்ம ஊரில் 1971-ல் மதுவிலக்கைத் தளர்த்தி, 1974-ல் திரும்பக் கொண்டுவந்து, 1980-களின் தொடக்கத்தில் மறுபடி எடுத்தார்கள். 1983-ல் டாஸ்மாக் வந்தது; 2003-ல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே போனது. இப்படித் திறந்து மூடி, மூடித் திறக்கும் இடத்தில், பத்து வருடம் பீப்பாயில் சரக்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற தொழிலை யாரும் ஆரம்பிக்கமாட்டார்கள். விஸ்கி என்பது அடிப்படையில் காத்திருக்கிற தொழில். நாளைக்கு இருக்குமா என்று தெரியாத கடைக்கு யார் பத்து வருடக் கையிருப்பு வைப்பார்கள்?

அம்ருத்தும் முதலில் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. பிராந்தி, ரம், ராணுவ கேன்டீன்களுக்கு சப்ளை என்று மற்ற ஆலைகள் போலத்தான் ஓடிக்கொண்டிருந்தது. 1976-ல் அப்பாவுக்குப் பிறகு மகன் நீலகண்ட ஜக்தலே பொறுப்புக்கு வந்தார். (பாற்கடலைக் கடைந்தபோது அமிர்தத்துக்கு முன்னால் வந்தது ஆலகால விஷம். அதை விழுங்கியவர் நீலகண்டர். அம்ருத் ஆலையை நடத்தியவருக்கு இந்தப் பெயர் அமைந்தது தற்செயல்தான். ஆனால், எழுதாமல் இருக்க முடியவில்லை.)

நம்ம ஊர் ‘விஸ்கி’ விஸ்கியே இல்லையா?

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்தியாவில் விஸ்கி என்று விற்கும் சரக்கில் பெரும்பகுதி தானியத்தில் இருந்து வந்தது அல்ல. சர்க்கரை ஆலையில் கரும்புச்சாற்றைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு இருக்கிறதே, மொலாசஸ், அதைப் புளிக்கவைத்து வடித்த ஆல்கஹாலில் கொஞ்சம் மால்ட் விஸ்கி, நிறம், வாசனை சேர்ப்பது காலங்காலமாக நடப்பது. ஐரோப்பிய யூனியனில் இதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது. அங்கே விஸ்கி என்றால் தானியத்தில் இருந்துதான் வரவேண்டும். மொலாசஸில் இருந்து வடித்தால் அது ரம் வகையறா.

சிங்கிள் மால்ட் இதற்கு நேர் எதிர்முனை. ‘மால்ட்’ என்றால் முளைகட்டிய பார்லி. வீட்டில் கேப்பையை முளைகட்டி, காயவைத்து, மாவு திரிப்போமே, அதே வேலைதான். முளைவிடும்போது தானியத்துக்குள் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறத் தயாராகிறது. முளையைக் காயவைத்து நிறுத்தி, இடித்து, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான தண்ணீர் கிடைக்கும். ஈஸ்ட் போட்டால் புளிக்கும். அதைச் செம்புப் பானைகளில் இரண்டு முறை காய்ச்சி வடிக்கிறார்கள். நம்ம ஊரில் ‘ஊறல்’ போட்டுக் காய்ச்சியவர்களுக்கும் இதே இயற்பியல்தான்.

‘சிங்கிள்’ என்றால் ஒரே பீப்பாய் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. ஒரே ஆலை. ஓர் ஆலையில், முளைகட்டிய பார்லி மட்டும் கொண்டு, செம்புப் பானையில் வடித்தது சிங்கிள் மால்ட். பல ஆலைகளின் மால்ட்டையும் வேறு தானிய விஸ்கியையும் கலந்தால் ‘பிளெண்டட்’. இந்தியாவிலும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிகளில் சிங்கிள் மால்ட்டுக்கு இதே மாதிரி விளக்கம் இருக்கிறது.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அம்ருத் 1980-களில் பார்லியில் இருந்து மால்ட் விஸ்கி வடிக்க ஆரம்பித்தபோது, அதைத் தனியாக விற்க நினைக்கவில்லை. கரும்பு ஆல்கஹாலோடு கலந்து ‘மேக்கின்டாஷ்’ என்ற பிராண்டில் விற்றார்கள். ராஜஸ்தான், பஞ்சாப், ஹரியானாவில் விளைந்த பார்லி. மைசூர் ரோட்டில் கெங்கேரி தாண்டி, கம்பிபுரா என்ற ஊரில் ஆலை. வடித்ததை ஓக் மரப் பீப்பாய்களில் ஊற்றிக் கிடங்கில் வைத்தார்கள். தேவைக்கு மேல் பீப்பாய்கள் சேர்ந்துவிட்டன. சேர்ந்தது கிடந்தது. கிடந்தது முதிர்ந்தது.

தேவதைகள் குடித்துவிட்டுப் போகும் பங்கு

கதையின் நடுமையம் இந்தக் கிடங்குதான்.

பானையில் இருந்து வடிந்து வரும் மால்ட், தண்ணீர் மாதிரி நிறமே இல்லாமல் இருக்கும். 60 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால். அது பொன்னிறமாவதும், வெனிலா, உலர்பழம், மசாலா வாசனைகள் வருவதும் பெரும்பாலும் மரத்தால். வெயில் ஏறும்போது திரவம் விரிந்து மரத்தின் துளைகளுக்குள் போகிறது. குளிரும்போது சுருங்கி வெளியே வருகிறது. போய்வரும்போதெல்லாம் மரத்தில் இருந்து எதையாவது எடுத்துக்கொண்டு வருகிறது.

ஒரு டீ பேக்கைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் நிறம் இறங்க அரை மணி நேரம் ஆகும். வெந்நீரில் அரை நிமிடம். ஸ்காட்லாந்துக்கும் பெங்களூருக்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட அதுதான். ஸ்காட்லாந்தில் கோடையிலேயே 20 டிகிரியைத் தாண்டினால் சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுத்துவிடுவார்கள். பெங்களூரில் ஏப்ரலில் 34, 35 சாதாரணம். அங்கே பத்து, பன்னிரண்டு வருடம் எடுக்கும் முதிர்ச்சி, இங்கே நாலு, ஐந்து வருடத்தில் வந்துவிடுகிறது.

லாபம்தானே என்று தோன்றும். இருங்கள்.

பீப்பாய் மரம் மூச்சு விடும். வருடா வருடம் கொஞ்சம் சரக்கு ஆவியாகி, காற்றோடு போய்விடும். ஸ்காட்லாந்துக்காரர்கள் இதற்கு ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே தேவதைகள் அடக்கமானவை. வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம். பெங்களூரு தேவதைகளுக்கு 10 முதல் 12 சதவீதம் வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 200 லிட்டர் பீப்பாய். ஸ்காட்லாந்தில் ஐந்து வருடம் கழித்துத் திறந்தால் சுமார் 180 லிட்டர் இருக்கும். பெங்களூரில், 11 சதவீதம் என்று வைத்தால், சுமார் 112 லிட்டர். எட்டு வருடம் விட்டால் 79 லிட்டர். இதைவிட நீட்டிக்க நினைத்தால் பீப்பாயில் மரவாசனைதான் மிஞ்சும், சரக்கு இருக்காது. இந்தியாவில் ‘18 வருடம்’ என்று போட்ட விஸ்கியை ஏன் பார்க்க முடிவதில்லை என்பதற்கு இதுதான் காரணம். அம்ருத்தின் வழக்கமான பாட்டில்களில் வயதே இருக்காது. அவர்கள் 2013-ல் எட்டு வருடச் சரக்கை வெளியிட்டபோது மொத்தமே 144 பாட்டில்தான் தேறியது. அதற்கு வைத்த பெயர், ‘கிரீடி ஏஞ்சல்ஸ்’. பேராசை பிடித்த தேவதைகள். நஷ்டக் கணக்கையே பிராண்டாக்கிவிட்டார்கள்.

அம்ருத்தின் குணம் என்று எதைச் சொல்வது? ருசித்து எழுதுபவர்கள் அதில் மசாலா, கேரமல், ஆரஞ்சு என்று அடுக்குவார்கள். அதை விடுவோம், அது அவரவர் நாக்கு. குணத்துக்கு அடியில் இருக்கும் காரணம் இரண்டு. ஒன்று, இந்தியாவில் விளையும் ஆறு வரிசைப் பார்லி. கதிரைத் திருப்பிப் பார்த்தால் ஆறு வரிசையாக மணி இருக்கும். ஐரோப்பாவில் விஸ்கிக்குப் போவது இரண்டு வரிசை. மணி பெரியது, மாவுச்சத்து அதிகம், ஆல்கஹால் கூடுதலாக வடியும். நம்முடையதில் ஆல்கஹால் குறைவு, குணம் வேறு. இன்னொன்று, மேலே சொன்ன வெயில். குறைவாகக் கொடுக்கும் தானியம், அதிகமாகக் குடிக்கும் தேவதைகள். வியாபாரக் கண்ணோட்டத்தில் இரண்டுமே வேண்டாத சம்பந்தம்தான்.

கிளாஸ்கோவில் ஒரு பரீட்சை

2000-களின் தொடக்கத்தில் நீலகண்ட ஜக்தலேயின் மகன் ரக்ஷித், இங்கிலாந்தின் நியூகாசிலில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தார். அப்பா ஒரு வேலை கொடுத்தார்: நம்ம சிங்கிள் மால்ட்டை இங்கிலாந்தில் இருக்கும் இந்திய ஓட்டல்களில் விற்க முடியுமா, பார். அதையே படிப்புக்கான ஆய்வாக எடுத்துக்கொண்டார் ரக்ஷித்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் ‘பாட் ஸ்டில்’ என்று விஸ்கிக்கே பேர்போன ஒரு பார். அங்கே பெயர் சொல்லாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்தவர்கள் இதை நல்ல வயதான ஸ்காட்ச் என்றே நினைத்தார்கள். பெங்களூரு என்று சொன்னதும் நம்பவில்லை.

2004 ஆகஸ்டில் அதே கிளாஸ்கோவில், ‘கஃபே இந்தியா’ என்ற ஓட்டலில் அம்ருத் சிங்கிள் மால்ட் அறிமுகமானது. திருநெல்வேலிக்கே அல்வா என்பார்களே, அந்த வேலைதான். ஏன் அங்கே? இந்தியாவில் வெளியிட்டிருந்தால், ‘நம்ம ஊர் சரக்குக்கு இவ்வளவு விலையா’ என்று கேட்டிருப்பார்கள். ஸ்காட்லாந்துக்காரன் ஒப்புக்கொண்டால்தான் பெங்களூருக்காரன் ஒப்புக்கொள்வான். கசப்பான கணக்கு, ஆனால், சரியான கணக்கு.

உடனே விற்றுத் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. முதல் சில வருடங்கள் படுமந்தம். கறிக்குழம்பு, நான் சாப்பிடும் ஓட்டலில் பீர்தான் கேட்டார்கள்; சிங்கிள் மால்ட்டை யாரும் கேட்கவில்லை. ஓட்டல்களை விட்டுவிட்டு விஸ்கி கடைகள், விஸ்கி திருவிழாக்கள் பக்கம் போனார்கள். அந்த வருடங்களில் ஐரோப்பா முழுக்க பாட்டிலோடு சுற்றியவர்களில் ஒருவர் அசோக் சொக்கலிங்கம். பெயரைப் பார்த்தாலே நம்ம ஊர் ஞாபகம் வரும். விற்பனையில் தொடங்கியவர், பின்னாளில் அம்ருத்தின் வடிப்புப் பிரிவுக்கே தலைவரானார்.

திருப்புமுனை 2009-ல் வந்த ‘ஃப்யூஷன்’. முக்கால் பங்கு இந்தியப் பார்லி. கால் பங்கு, பீட் புகையில் காயவைத்த ஸ்காட்லாந்துப் பார்லி. விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே தன்னுடைய 2010-ம் ஆண்டு கையேட்டில் இதற்கு 100-க்கு 97 போட்டு, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அந்த வருடம்தான் அம்ருத் சிங்கிள் மால்ட் சொந்த ஊரான பெங்களூரில் கடைக்கு வந்தது. கிளாஸ்கோவுக்குப் போய் ஆறு வருடம் கழித்து.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். 2012-ல் கோவாவில் இருந்து பால் ஜான், 2016-ல் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர், பிறகு ஹரியானாவின் இந்த்ரி. மது உற்பத்தியாளர் கூட்டமைப்பின் கணக்குப்படி, 2023-ல் இந்தியாவில் விற்ற சிங்கிள் மால்ட்டில் 53 சதவீதம் இந்தியத் தயாரிப்புதான், ஸ்காட்ச்சைத் தாண்டிவிட்டது. நீலகண்ட ஜக்தலே அதைப் பார்க்க இல்லை. 2019 மே மாதம் காலமானார்.

இன்னொரு பக்கம், 2025 ஜூலையில் கையெழுத்தான இந்தியா - பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தப்படி, ஸ்காட்ச் மீதான இறக்குமதி வரி 150 சதவீதத்தில் இருந்து முதலில் 75-க்கும், பத்து வருடத்தில் 40-க்கும் இறங்க வேண்டும். 150 சதவீத வரி என்ற மதில் சுவருக்குப் பின்னால் வளர்ந்த இந்திய மால்ட்டுக்கு உண்மையான பரீட்சை இனிமேல்தான். இதில் ஒரு நியாயமான புகாரும் இருக்கிறது. ஸ்காட்ச் என்ற பெயருக்குக் குறைந்தது மூன்று வருடம் பீப்பாயில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் சட்டம். பெங்களூரில் அந்த மூன்று வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு சரக்கு பறந்துபோயிருக்கும். ஸ்காட்லாந்தின் குளிருக்கு எழுதிய விதியை வெயிலுக்கும் அப்படியே போடலாமா என்று இந்திய ஆலைகள் கேட்கின்றன.

ஸ்காட்ச் என்பது சரக்கின் பெயர் அல்ல, ஊரின் பெயர்

நண்பர் விடவில்லை. “சரி, இங்கே ஒரு ஆலை போட்டு நாமளே ஸ்காட்ச் பண்ணினா?”

பண்ண முடியாது. விஸ்கி பண்ணலாம். ஸ்காட்ச் என்று பெயர் போட முடியாது. ஸ்காட்லாந்தில் வடித்து, ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் முதிர்ந்ததற்கு மட்டும்தான் அந்தப் பெயர். இந்தியாவின் புவிசார் குறியீட்டுப் பதிவேட்டிலும் அது இருக்கிறது. பழனி மலையைச் சுற்றி இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அதே பதிவேட்டில் விருப்பாச்சி மலைவாழை 2008-லும், பழனி பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் 2019-லும் ஏறியிருக்கின்றன. பிரசாதத்தையும் மதுவையும் ஒன்றாக வைக்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். ஒப்பிடுவது பொருளை அல்ல, பெயர் மீதான உரிமையை. மேல்மலையில் விளைந்த பூண்டுக்குத்தான் மலைப்பூண்டு என்று பெயர் என்றால், ஸ்காட்லாந்தில் முதிர்ந்ததற்குத்தான் ஸ்காட்ச் என்று பெயர்.

இந்தப் பெயர்ச் சண்டை நம்ம உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பெங்களூரின் இன்னொரு மது நிறுவனமான கோடே, 1968-ல் ‘பீட்டர் ஸ்காட்’ என்ற விஸ்கியை வெளியிட்டது. ‘ஸ்காட்’ என்ற சொல்லைப் பார்த்தால் ஸ்காட்ச் என்று மக்கள் ஏமாறுவார்கள் என்று ஸ்காட்ச் விஸ்கி சங்கம் வழக்குத் தொடுத்தது. 2008-ல் தீர்ப்பு கோடேவுக்குச் சாதகமாக வந்தது. முக்கியக் காரணம், இத்தனை வருடம் தெரிந்தும் சும்மா இருந்துவிட்டு இப்போது வரலாமா என்பது.

அம்ருத்தை எனக்குப் பிடித்துப்போன இடம் இதுதான். அந்தக் காலத்து இந்திய விஸ்கிகளின் பெயர்களைப் பாருங்கள்: ஏதாவது ஒரு கிளென், ஒரு மேக், ஒரு ஸ்காட், லேபிளில் ஒரு கோட்டை. அம்ருத்தும் ‘மேக்கின்டாஷ்’ என்று விற்றதுதானே. ஆனால், கிளாஸ்கோவுக்குப் போகும்போது அந்த வேஷத்தைக் கலைத்துவிட்டு, அமிர்தம் என்ற பெயரோடு, ‘இந்தியன் சிங்கிள் மால்ட்’ என்று எழுதிக்கொண்டு போனார்கள். ஸ்காட்ச் மாதிரி இருக்கிறது என்பது பாராட்டாக இருந்த காலத்தில், அது எளிதான முடிவு அல்ல.

கொடைக்கானலில் வைத்தால் என்ன ஆகும்?

சும்மா ஒரு கற்பனைக்கு, ஒரு பீப்பாயை மலை மேல் ஏற்றிப் பார்ப்போம். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரம். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். கோடையில் பகல் 20 டிகிரி, இரவு 11, 12. குளிர்காலத்தில் பகல் 17, இரவு 8. காற்றில் ஈரம் அதிகம். தேவதைகள் இங்கே ஸ்காட்லாந்து மாதிரி அடக்கமாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். ஆனால், வேலையும் மெதுவாகத்தான் நடக்கும். சென்னையில் ராத்திரி அரைத்து வைத்தால் காலையில் பொங்கி வழியும் தோசை மாவு, கொடைக்கானலில் அடுத்த நாள் சாயங்காலம் வரை அப்படியே கிடக்குமே, அந்த மாதிரி. ஸ்காட்லாந்தில் கூட வருடத்தில் ஒரு கோடை, ஒரு கடும் குளிர் உண்டு. மரம் விரிந்து சுருங்க அது போதும். இங்கே வருடம் முழுக்க ஒரே மார்கழி. பெங்களூரின் வேகமும் கிடைக்காது.

அம்ருத்துக்குப் பேர் வாங்கிக்கொடுத்தது ஸ்காட்லாந்து மாதிரியான குளிர் அல்ல. ஸ்காட்லாந்தில் கிடைக்காத வெயில். “ஸ்காட்லாந்து மாதிரியே இருக்கு, அதனால இங்கே ஆலை போடலாம்” என்ற நண்பரின் கணக்கு இங்கேதான் உதைக்கிறது.

புகைவாசனைக்கு வேண்டிய பீட்? அது சதுப்பு நிலத்தில் செடிகொடிகள் முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகப் படிந்த கறுப்பு மண். ஸ்காட்லாந்தில் அதை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். நம்ம மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளிலும் பீட் உண்டு. நீலகிரியில் இதைத் தோண்டி எடுத்த விஞ்ஞானிகள், 20,000 வருடத்துக் காலநிலையை அதில் இருந்து படித்து 1993-ல் வெளியிட்டார்கள். அதை அடுப்பில் போடுவது, கல்வெட்டை உடைத்து அம்மி கொத்துவது மாதிரி. தவிர, சோலைக்காடும் புல்வெளியும் அடியில் இருக்கும் இந்தச் சதுப்பும்தான் மழையைப் பிடித்துவைத்துச் சிறுகச் சிறுகக் கீழே விடுகின்றன. அம்ருத்துக்கு வேண்டிய புகைப்பார்லி ஸ்காட்லாந்தில் இருந்தே வருகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

மலைக்கு மது ஏற்கெனவே கொடுத்திருப்பது என்ன என்றும் பார்க்க வேண்டும். காட்டில் வீசிய பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் கையில் எடுத்த பிறகுதான், 2022-ல் நீலகிரியில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணத்தைத் திரும்பக் கொடுக்கும் திட்டம் வந்தது. அது பிறகு மற்ற மலைப்பகுதிகளுக்கும் விரிந்தது. சிங்கிள் மால்ட் ஆனாலும் குவார்ட்டர் ஆனாலும் உடைந்த கண்ணாடி ஒன்றுதான். கல்லீரலுக்கும் அப்படித்தான், மது எவ்வளவு குறைவாக இருந்தாலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இதையெல்லாம் சொல்லி முடிக்கும்போது மஞ்சு விலகி, ஏரியில் படகுகள் தெரிய ஆரம்பித்திருந்தன. நண்பர் ரோட்டோரத்தில் ஒரு கிலோ மலைப்பூண்டு வாங்கியிருந்தார். டீக்காசைக் கொடுத்துவிட்டு வந்தவர், பையைத் திறந்து ஒரு பூண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “இது மட்டும் இந்த மலையிலதான் விளைஞ்சதுன்னு எப்படித் தெரியும் மச்சான்?”

கடைக்காரர் அதற்குள் அடுத்த வண்டிக்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.